வைட்டமின் இ மாத்திரை விறைத்த தமனியை இளக்குமா?

கேள்வி: வயது 58. ரத்த அழுத்தம் 154/68. கழுத்திலும் தொடை இடுக்கிலும் கருவி வைத்து நாடி அலையின் வேகம் பார்த்ததில் வினாடிக்கு 11.2 மீட்டர் வந்தது. தமனி விறைத்துவிட்டது, ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் காரணம் என்கிறார்கள். தினமும் வைட்டமின் இ 400 யூனிட் எடுத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. காரணம் பற்றி அவர்கள் சொன்னது பெருமளவு சரி, மருந்துதான் தவறு.

தமனியின் உள்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரந்தால் அதன் தசை தளரும். புகை, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் அதே சுவரில் சூப்பராக்சைடு என்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவம் பெருகுகிறது. அவர்கள் சொன்ன ஆக்சிஜனேற்ற அழுத்தம் இதுதான். இரண்டும் சந்தித்த கணமே பெராக்சிநைட்ரைட் என்ற வேறு சேர்மமாக மாறிவிடும். தளர்த்த வேண்டியது வீணாகிறது. வைட்டமின்கள் சூப்பராக்சைடோடு வினைபுரியும் வேகம் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. மாத்திரை ரத்தத்தில் கலந்தாலும் பந்தயத்தில் முந்துவதில்லை. 9,500-க்கும் மேற்பட்டோருக்கு இதே 400 யூனிட் கொடுத்துப் பார்த்த ஹோப் ஆய்வில் (2000) மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதையே நீட்டித்தபோது (2005) இதயச் செயலிழப்புதான் கூடியிருந்தது.

தசை இறுகுவது ஒரு பகுதி. அது ஓரளவு மீளும். சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் அறுந்து, அங்கே விறைப்பான கொலாஜன் மண்டுவது மறு பகுதி. எலாஸ்டின் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாவதோடு சரி. அறுந்ததை உடல் ஒழுங்காகத் திரும்ப நெய்வதில்லை.

சூப்பராக்சைடு உற்பத்தியாகும் இடத்திலேயே அதை அடக்க வேண்டும். சூப்பராக்சைடை உண்டாக்கும் நொதியை முக்கியமாக முடுக்கிவிடுவது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் ரத்த அழுத்த மாத்திரைகள் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகச் செயல்பாடும் பொட்டாசியமும் பார்த்தே தொடங்குவார்கள். புகைப்பழக்கம் இருந்தால் முழுவதும் விட வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், வேக நடை வாரம் 150 நிமிடம்.

11.2 என்ற எண்ணையும் சற்றுச் சந்தேகியுங்கள். இந்த முறையில் 10-க்கு மேல் போனால் அதிகம். ஆனால் கழுத்துக்கும் தொடை இடுக்குக்கும் இடையே டேப்பில் அளந்த தூரத்தை 0.8-ஆல் பெருக்கியே கணக்கிட வேண்டும். தூரம் 60 செ.மீ., அலை கடக்க 48 மில்லி வினாடி என்றால் சரியான விடை 10. பெருக்க மறந்தால் 12.5! கை–கணுக்கால் முறையில் எண்கள் இயல்பாகவே பெரியவை. அவற்றை 10-உடன் ஒப்பிடக் கூடாது. சோதனைக்கு 3 மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, புகை கூடாது. 10 நிமிடம் படுத்திருந்த பிறகே அளக்க வேண்டும். அந்நேரம் ரத்த அழுத்தம் எகிறியிருந்தால் வேகமும் எகிறும். மறுசோதனையை அதே கருவியில் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் 11.2-ஐவிட 154-க்கும் 68-க்கும் இடையிலுள்ள 86-தான் பெரிய செய்தி. 60-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு மிகைப்பு, மகாதமனி வால்வுக் கசிவு ஆகியவையும் இப்படி இடைவெளியை விரிக்கும். ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் செய்து அவை இல்லையென உறுதிப்படுத்துங்கள். மருந்தால் மேல் எண் இறங்கும்போது 68-உம் கூடவே இறங்கும். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால், நின்றபடி எடுத்த அளவைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.