என்சைமை ஜெல்லில் பூட்டும் படிப்புக்கு வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. மகள் பி.டெக் பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டில் என்சைமை, அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதத்தை, வலை போன்ற பாலிமர் ஜெல்லுக்குள் சிக்க வைத்துக்கொண்டிருக்கிறார், இதற்கு யார் வேலை தருவார்கள், பேசாமல் சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைக்கிறீர்களே, அந்தப் பட்டையிலும் ஒரு என்சைமைத்தான் அசையாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கரைசலில் விட்ட என்சைம் ஒருமுறை வேலை செய்ததும் சரக்கோடு கலந்து போய்விடும். பாலிமரில் பிடித்து வைத்தால் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காசு மிச்சமாவது அங்கேதான். ஜப்பானின் டனாபே நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டா குழுவினர் 1969-இல் இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். 1973-இல் என்சைமைத் தனியே பிரிக்காமல் ஈ.கோலை பாக்டீரியா செல்களையே பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் அடைத்து, தொடர்ச்சியாக அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்தார்கள். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து செய்யத் தேவைப்படும் 6-ஏபிஏ என்ற மூலப்பொருளும் இன்று இப்படிப் பிடித்து வைத்த என்சைமால்தான் பெருமளவு தயாராகிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரில் தனியாக ஒரு வேலை விளம்பரம் வராது. மருந்து மூலப்பொருள், என்சைம் தயாரிப்பு, பரிசோதனைப் பட்டைகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று வேலை சிதறிக் கிடக்கிறது. தொடக்கச் சம்பளத்தில் சாஃப்ட்வேர் முந்திவிடலாம். பி.டெக்கோடு நிறுத்தினால் கதவுகள் குறைவு. எம்.டெக் வரை போகிற எண்ணம் இருந்தால் கேட் தேர்வுக்கு இப்போதே உட்காரட்டும்.

இந்தத் துறையில் பலர் தடுமாறுவது உயிரியலில் இல்லை, வேதியியலிலும் கணக்கிலும்தான். ஜெல்லின் துளை பெரிதாக இருந்தால் என்சைம் கசிந்துவிடும், சிறிதாக இருந்தால் சர்க்கரையோ அமிலமோ உள்ளே போகவே நேரமாகும். இந்த இழுபறியைக் கணக்கிடத் தெரிந்தவரைத்தான் தொழிற்சாலை தேடுகிறது. ஆகவே விருப்பப் பாடமாக பாலிமர் வேதியியல், ரியாக்டர் (வேதிவினை நடக்கும் கலன்) வடிவமைப்பு இரண்டில் ஒன்றையாவது எடுக்கச் சொல்லுங்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் துறைப் பேராசிரியர் ஒருவரை ப்ராஜெக்டுக்கு இரண்டாவது வழிகாட்டியாகச் சேர்க்க முடிந்தால் ரொம்ப நல்லது.

அப்புறம், அவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள். சிக்க வைத்த பிறகு என்சைமின் செயல்திறன் எத்தனை சதவீதம் மிஞ்சியது? எத்தனை சுற்று தாங்கியது? எவ்வளவு கசிந்தது? நேர்முகத் தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள். பதில் நோட்டில் இருந்தால் படிப்பை மாற்ற வேண்டாம் ஐயா. இல்லையென்றாலும் பயப்படாதீர்கள், அடுத்த செமஸ்டர் இருக்கிறது.

இன்னொன்று, அவர் கையாள்வது அக்ரிலமைடு என்றால், ஜெல்லாகும் முன் அது நரம்பைப் பாதிக்கிற நஞ்சு. லேபில் கையுறை போடுகிறாரா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.