பால் குடிக்கிறான், சோற்றைத் துப்புகிறான்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. சோறு ஊட்டினால் துப்பிவிடுகிறான். பாட்டிலில் பால் மட்டும் நாளுக்கு ஐந்தாறு முறை குடிக்கிறான். சில வாரங்களாகச் சுவரைச் சுரண்டித் தின்கிறான். பசி எடுக்க டானிக் கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: டானிக் வேண்டாம், அம்மா. அவனுக்குப் பசி நன்றாகவே எடுக்கிறது. அதைப் பால் தீர்த்துவிடுகிறது. பாட்டிலுக்கு 200 மி.லி. என்றாலும் ஒரு லிட்டர் ஆகிவிட்டது. இந்த வயதுக்கு அரை லிட்டரே தாராளம்.

எடை கவலைப்படும்படி இல்லை. என்னை யோசிக்க வைப்பது அவன் சுவரைத் தின்பதுதான். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகள் இப்படித் தின்பதுண்டு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும் இரத்தசோகை வரும். மண், சாம்பல், சாக்பீஸ் தின்னும் பிள்ளை வந்தால் முதலில் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன். சிவந்திருக்க வேண்டிய உள்புறம் பல குழந்தைகளுக்கு வெளிறிப் போயிருக்கும். குழந்தைநல மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பொதுவாக 11 கிராமுக்குக் கீழே என்றால் இரத்தசோகை. சுவரில் பழைய பெயின்ட் உரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அதில் ஈயம் இருக்கலாம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தேவையா என்றும் கேளுங்கள்.

இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தால் பாலோடு கலக்காதீர்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். இரத்தம் ஏறியதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை கொடுங்கள். அந்தப் பாட்டில் பிள்ளை கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

பால் பாட்டிலை எடுத்துவிடுங்கள். காலையும் மாலையும் டம்ளரில் பால், அவ்வளவுதான். இரவுப் பாட்டில் பல்லையும் சொத்தையாக்கும். இரண்டு மூன்று நாள் வீடே அதிர அழுவான். "பிள்ளை பட்டினி கிடக்கிறதே" என்று பாட்டி பாலை ஆற்றத் தொடங்குவார். அவரை முதலில் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு தட்டு வையுங்கள். பருப்புச் சாதம், முருங்கைக்கீரை, முட்டை, அசைவ வீடு என்றால் ஈரல். இறைத்தாலும் அவனே அள்ளித் தின்னட்டும். செல்போன் வேண்டாம். முதல் வயதில் பிறந்த எடை மும்மடங்காகும். இரண்டாம் வயதில் ஏறுவதே இரண்டு, இரண்டரை கிலோதான். ஆகவே நாலு வாய் தின்றுவிட்டு எழுந்தால் விட்டுவிடுங்கள்.

உதடு வெளுத்து, மூச்சு வாங்கி, விளையாடாமல் சுருண்டு படுத்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.