எட்டு டபுள் டூட்டி, மிச்சம் 1,640 ரூபாய்

கேள்வி: வணக்கம். எனக்கு 41 வயது. கோவை புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நாலேகால் வருஷமாகப் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். மொத்தச் சம்பளம் 18,600, அதில் பேசிக் 12,000. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) போகக் கைக்கு 17,020 வருகிறது. மாதம் எட்டு நாள் ஈவினிங் ஷிஃப்ட் முடிந்த கையோடு நைட்டும் பார்க்கிறேன். ஒரு நைட்டுக்கு 550, ரொக்கமாகத் தருவார்கள். கணவர் பெயின்டர். வாடகையும் பையன் ஃபீஸும் அவர் பொறுப்பு. வீட்டுச் செலவில் என் பங்கு 13,000.

தம்பி குட்டியானை சரக்கு வண்டி வாங்க என் பேரில் குழு லோன் 60,000 எடுத்தேன். 24 தவணை, மாதம் 3,200, ஒன்பது கட்டியாயிற்று. வண்டி ரிப்பேருக்கு இன்னொரு கம்பெனியில் 40,000. அதுவும் 24 தவணை, மாதம் 2,150, நாலு கட்டியாயிற்று. முதல் இரண்டு மாதம் தம்பி பணம் தந்தான், அப்புறம் தரவில்லை. செயினும் இரண்டு வளையலும் சேர்த்து நாலு பவுன், அவனுக்காகத்தான் பேங்கில் 70,000-க்கு அடகில் இருக்கிறது. வட்டி மாதம் 550. இப்போது வண்டியின் எஃப்.சி.க்கும் (தகுதிச் சான்று) இன்சூரன்ஸுக்கும் 50,000 கேட்கிறான்.

இடுப்பு வலியால் மாதம் ஒரு நாளாவது லீவ் போட வேண்டியிருக்கிறது, சம்பளம் பிடிக்கிறார்கள். மாத்திரை, டாக்டர் என்று 700 ஆகிறது. டபுள் டூட்டியைச் சம்பள ஸ்லிப்பில் காட்டச் சொன்னால், "21,000 தாண்டி ஈ.எஸ்.ஐ. போய்விடும்" என்கிறார்கள். கூட வேலை செய்யும் பெண் சம்பள அட்வான்ஸ் ஆப் ஒன்றைச் சொல்கிறாள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் மாதம் 2,000 கட்டும் உத்தரவாதத் திட்டத்தில் சேரச் சொல்கிறார். நைட்டைப் பத்தாக்கிவிட்டுத் தம்பிக்கு இந்த ஒரு தடவை எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நைட்டையும் கூட்டாதீர்கள், தம்பிக்கும் எடுக்காதீர்கள். நீங்கள் சிக்கனம் தெரியாதவர் அல்ல. இத்தனை கடனிலும் ஒரு தவணை தவறவில்லை. ஆகவே சேமிப்புப் பாடம் நடத்தப் போவதில்லை. தம்பி கேட்கும்போதெல்லாம் உங்கள் பேரில் கடன் வாங்கி, அதை நைட் பார்த்து அடைத்துவிடலாம் என்று நினைக்கிறீர்களே, அந்த ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் பேசலாம்.

முதலில் அந்த நைட்டின் கணக்கு. எட்டு நைட்டுக்கு 4,400 வருகிறது. காலையில் வீடு திரும்ப ஆட்டோ 120, டீ டிபன் 60 என்று வைத்தால் எட்டு நாளைக்கு 1,440. வலிக்கு 700. லீவுக்குப் பிடிக்கும் ஒரு நாள் சம்பளம் 620. ஆக 2,760 போய்விடுகிறது. மிச்சம் 1,640. எட்டு மணி நேரம் வீதம் எட்டு நைட் என்றால் 64 மணி நேரம். மணிக்கு 25 ரூபாய்க்குச் சொச்சம். இந்த 25 ரூபாய்க்குத்தான் இரவெல்லாம் படுக்கையாக இருக்கும் பெரியவர்களைத் தனி ஆளாகப் புரட்டிப் போடுகிறீர்கள். நைட்டைப் பத்தாக்கினால் லீவ் இரண்டு நாளாகும். அந்த மிச்சமும் கரையும்.

550 என்ற தொகையே சரியில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, கூடுதல் நேர வேலைக்குச் சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும். 18,600-ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 715, மணிக்கு 89. இரட்டிப்பு 178. எட்டு மணி நேரத்துக்கு 1,400 ரூபாய்க்கு மேல் வருகிறது. தனியாகப் போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. நைட் பார்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, "ஓவர்டைமைச் சம்பள ஸ்லிப்பில் தனி வரியாகக் காட்டுங்கள்" என்று ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஈ.எஸ்.ஐ. போய்விடும்" என்பது வெறும் பூச்சாண்டி. ஈ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் தொகை கணக்கில் வராது. உங்கள் சம்பளம் 18,600, அவ்வளவுதான். ரொக்கமாகக் கொடுத்து விஷயத்தை முடிப்பது நிர்வாகத்துக்கு வசதி. உங்களுக்கு அதில் ஓர் ஆபத்தும் உண்டு. நைட்டில் ஒரு பெரியவரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், அன்று நீங்கள் டூட்டியில் இருந்ததற்குப் பதிவேட்டில் சாட்சியே இருக்காது.

அதற்கு என்ன விலை என்று பாருங்கள். சாதாரண நோய்க்கு ஈ.எஸ்.ஐ. தருவது சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். உங்களுக்குத் தோராயமாக நாளுக்கு 430. ஒரு பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். உங்களுக்கு இருக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆண்டில் 91 நாள் வரை வாங்கலாம். டாக்டர் மூன்று வாரம் ஓய்வு எழுதினால் 19 நாளுக்கு எட்டாயிரம் சொச்சம் கைக்கு வரும். அதுவே வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் 90 சதவீதம், நாளுக்கு சுமார் 560. ஆகவே எப்போது பிடித்துக்கொண்டாலும் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்துப் போனால், வீட்டில் குடம் தூக்கும்போது பிடித்ததா என்றுதான் கேட்பார்கள்.

சம்பளத்தில் மாதாமாதம் 140 ரூபாய் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். நிர்வாகம் அதற்கு மேல் 600 ரூபாய் கட்டுகிறது. அப்புறம் ஏன் தனியார் கிளினிக்கில் காசு? உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்பென்சரிக்கு இந்த வாரமே போங்கள். அங்கே எழுதிக் கொடுத்தால் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம். வரிசையில் அரை நாள் போகும் என்பது வாஸ்தவம். அந்த அரை நாளுக்குப் பயந்துதான் பலர் மாதம் 700 தண்டம் கட்டுகிறார்கள். 40 வயது தாண்டிய ஊழியருக்கு ஆண்டுக்கொரு இலவச உடல் பரிசோதனை என்பதும் புதிய சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

வேலையிலும் சிலவற்றை மாற்ற வேண்டும். எழுந்து நிற்க முடியாதவரைத் தனி ஆளாகக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றாதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் உங்கள் இடுப்பும் போகும், அவர் தோள்பட்டையும் போகும். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, இடுப்புப் பட்டையைப் பிடித்து இரண்டு பேராக மாற்ற வேண்டும். படுக்கையில் மேலே நகர்த்த, மடித்த பெட்ஷீட்டை அடியில் விரித்து இருபக்கமும் இருவர் பிடித்து இழுத்தால் பாரம் பாதியாகும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. நைட்டில் ஆள் குறைவு என்பதால் தவிர்த்துவிடுகிறீர்கள். நைட்டைக் குறைக்கச் சொல்ல அதுவும் ஒரு காரணம்.

இனி கடன். இரண்டு குழு லோனுக்கும் வட்டி 25, 26 சதவீதம் விழுகிறது. முதல் லோனில் பாக்கி அசல் தோராயமாக 41,000. நீங்கள் இன்னும் கட்டப்போவது 48,000. இரண்டாவதில் அசல் 35,000, கட்டப்போவது 43,000. ஆக, இனிமேல் வட்டியாக மட்டும் 15,000. அடகு நகைக்கோ பேங்க் வாங்குவது 9.5 சதவீத அளவில்தான். உங்கள் நாலு பவுனுக்கு இன்றைய விலையில் 1,46,000 தாராளமாகக் கிடைக்கும். இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. நிலுவை வட்டியைக் கட்டிவிட்டு, கடனை 70,000-லிருந்து 1,46,000 ஆக மாற்றி எழுதச் சொல்லுங்கள். கையில் வரும் 76,000-ஐ வீட்டுக்குக் கொண்டுவராமல் இரண்டு லோனையும் அடைத்துவிடுங்கள். குழு லோனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. "சென்டர் மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம்" என்று இழுத்தால், கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இதில் மிச்சமாகும் வட்டி சில ஆயிரம்தான். அதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டாயத் தவணை 5,350 என்பது போய், மாத வட்டி 1,155 மட்டும் கட்டாயமாகிறது. இப்போது உங்கள் கணக்கு 13,000, 5,350, 550 சேர்ந்து 18,900. கைக்கு வருவது 17,020. துண்டு விழுவது 1,880. அதற்காகத்தான் நைட். மாற்றிய பிறகு 13,000-மும் 1,155-மும் சேர்ந்து 14,155. ஒரு நைட்டும் பார்க்காமலே 2,865 மிஞ்சும். கிளினிக் செலவு நின்றால் இன்னும் கொஞ்சம்.

இதில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். மாதம் வட்டியும் அசலுமாக 4,000 கட்டினால் நகை திரும்ப மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். நகைக்கடன் பெரும்பாலும் 12 மாதக் கெடு, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வட்டியை வருஷக் கடைசிக்குத் தள்ளினால் 14,000 ஒரேயடியாக வந்து நிற்கும். அப்போது மறுபடி கடன். சம்பளம் ஏறிய அன்றே 4,000 கட்டிவிடுங்கள். ஆறு மாதத்தில் அசல் குறையவில்லை என்றால், வளையலை விற்றுக் கடனைக் குறைத்துச் செயினைக் காப்பாற்றுங்கள். நகையை விற்பதற்கு மனசு வராது என்று தெரியும். ஏலத்தில் போவதைவிட அது மேல்.

தம்பி விஷயம். சின்ன சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 16,000 சொச்சம், ஜி.எஸ்.டி. தனி. எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்யும் செலவு மெக்கானிக்கின் கொட்டேஷனில் தெரியும். 50,000 என்று முழு எண்ணாகக் கேட்டால், அதில் பழைய பாக்கி ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்.சி. அவர் பேரில் இருக்கிறது, வாடகை வருமானம் அவருக்கு வருகிறது. வண்டியின் மேலேயே அவர் கடன் கேட்கலாம். எந்தக் கம்பெனியும் தர மறுத்தால், அவர்களே நம்பாத கணக்கை நீங்கள் 25 சதவீத வட்டிக்கு நம்ப வேண்டியதில்லை. "உனக்குத் தர மாட்டேன்" என்று சொல்ல வராவிட்டால், "என் நகை முழுக்க அடகில் இருக்குது கண்ணு, இனி எனக்கே யாரும் தரமாட்டாங்க" என்று சொல்லுங்கள். மாற்றி எழுதிய பிறகு அது பொய்யும் இல்லை. அவர் இனி ஏதாவது தந்தால் உங்கள் கையில் வாங்காமல் நகைக்கடன் கணக்கில் நேராகக் கட்டச் சொல்லுங்கள். தருவார் என்று வைத்து எந்தக் கணக்கும் போட வேண்டாம்.

ஆப்பில் 3,000 எடுத்தால் பதினைந்து நாளைக்கு 150 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்பம். ஆண்டுக்கு 120 சதவீதம். அடுத்த சம்பளத்தில் 3,150 குறையும், மறுபடி எடுப்பீர்கள். ஏஜென்டின் திட்டத்தில் உத்தரவாதம் என்பது பெரும்பாலும் ஐந்து, ஆறு சதவீதத்துக்குத்தான். இடையில் நிறுத்தினால் கட்டியதில் ஒரு பகுதி போகும். 25 சதவீதத்துக்குக் கடன் கட்டிக்கொண்டே ஆறு சதவீதத்துக்குச் சேமிப்பதில் என்ன லாபம்? பாதுகாப்புதான் வேண்டுமென்றால், பி.எஃப். உறுப்பினர் என்பதாலேயே உங்களுக்கு அதிகபட்சம் ஏழு லட்சம் வரையிலான ஆயுள் காப்பீடு இலவசமாக இருக்கிறது. பேங்கில் ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். பி.எஃப். நாமினியில் யார் பெயர் இருக்கிறது என்றும் பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்த இடத்தில் அம்மா பெயரோ தம்பி பெயரோ கொடுத்து, அப்படியே விட்டவர்கள் நிறைய.

வலியில் வேலையை விடும் எண்ணம் வந்தால் ஐந்து வருஷம் முடியும்வரை பொறுங்கள். 12,000 பேசிக்கில், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்குப்படி ஐந்து வருஷப் பணிக்கொடை 34,600 வரும். இன்னும் ஒன்பது மாதம்தான். இடையில் உடம்பு முடியாவிட்டால் ராஜினாமா எழுதாமல் ஈ.எஸ்.ஐ. விடுப்பில் போங்கள்.

குழு லோன் இரண்டையும் அடைத்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கொரு முறை இலவசம். இரண்டும் "முடிந்தது" என்று இருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லாத மூன்றாவது லோன் ஏதாவது தென்பட்டால், அந்தக் கம்பெனிக்கு உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். அடைத்த மறுவாரமே "புது லோன் தயார் அக்கா" என்று ஃபீல்ட் ஆபீசர் போன் செய்வார். ஆதாரும் ஓ.டி.பி.யும் கொடுக்காதீர்கள்.