அடுக்குமாடி நிழலில் ஒன்றரை ஏக்கர்: எதைப் பயிரிடலாம்?

கேள்வி: எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக மக்காச்சோளம் போட்டு வருகிறேன். இப்போது நகரம் என் வரப்பு வரை வந்துவிட்டது. மேற்கில் எட்டு மாடிக் குடியிருப்பு, கிழக்கில் வாகனங்கள் ஓயாத சாலை. மேற்கு ஓரத்துப் பயிர் வெளிறி, நெடுநெடுவென வளர்ந்து, கதிர் பிடிக்காமல் போகிறது. கிணற்றில் நீர் குறைந்துவிட்டதால், பக்கத்தில் ஓடும் கழிவுநீர் வாய்க்காலிலிருந்து பாய்ச்சலாமா என்று யோசிக்கிறேன். கொட்டகை போட்டு மின்விளக்கில் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கும்படி ஒருவர் சொல்கிறார். விற்றுவிடும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: விற்பது உங்கள் குடும்பம் கூடி முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூறாண்டுக்கும் மேல் ஆகும். கான்கிரீட் விழுந்த நிலம் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வயலாகத் திரும்பாது.

மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள். அது முழு வெயில் கேட்கும் பயிர். அதோடு, உலர்ந்த தானியம் எத்தனை நூறு கிலோமீட்டர் பயணம் செய்தாலும் கெடுவதில்லை. அதை நகரத்தின் வாசலில் விளைவிப்பதால் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. ஜெர்மனியில் பண்ணை வைத்திருந்த ஃபான் தூனன் இதை 1826-லேயே கணக்கிட்டுக் காட்டினார்: நகரத்தை ஒட்டிய முதல் வளையத்தில் பாலும் காய்கறியும், தானியம் அதற்கு வெகு அப்பால். குளிரூட்டிய லாரிகள் வந்தபின் அந்த வளையம் கலைந்தது உண்மைதான். ஆனால் அறுத்த நேரத்திலிருந்தே வாடத் தொடங்கும் இலைக்கு அந்தக் கணக்கு இன்றும் பொருந்துகிறது. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அறுத்த இலை சுவாசிக்கும் வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. தொலைவில் இருக்கும் விவசாயி முந்தைய நாளே அறுத்து, இரவு முழுவதும் வண்டியில் அனுப்ப வேண்டும். நீங்கள் மாலை நான்கு மணிக்கு அறுத்து, வேலை முடிந்து திரும்புகிறவர்கள் கையில் ஆறு மணிக்குக் கொடுக்கலாம். இந்தச் சில மணி நேரம்தான் உங்கள் நிலத்தின் மதிப்பு.

இனி நிலத்தைப் பிரிப்போம். சூரியன் பாதி உயரத்துக்கு இறங்கும்போது கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் நிழல் விழும். எட்டு மாடி என்றால் ஏறக்குறைய 25 மீட்டர். மதியம் இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணிக்கு நிழலின் விளிம்பில் குச்சி நட்டுப் பாருங்கள். நாலைந்து மணி நேர வெயிலாவது கிடைக்கும் மேற்குப் பட்டையில் கொத்தமல்லி, புதினா, பாலக்கீரை வரும். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் வெயில் விரும்பிகள். அவற்றை நடுநிலத்தில் தக்காளி, கத்தரிக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுநிலத்தில் கீரைப் பகுதியை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதியாக விதைத்தால், நான்காம் வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் அறுப்பு இருக்கும்.

நிழல் பட்டையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. செடி வெளிறுகிறதே என்று தழைச்சத்தை, அதாவது நைட்ரஜன் உரத்தை, கொட்டுவார்கள். அங்கே பற்றாக்குறை வெளிச்சம்தான். வெளிச்சம் போதாத இலை, உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற முடியாமல் அப்படியே தேக்கி வைக்கும். உண்பவருக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, அது நல்லதல்ல. அங்கே உரத்தைப் பாதியாகக் குறையுங்கள், அதிகாலையில் அறுக்காதீர்கள். பகல் வெயிலைக் கண்ட இலையில் நைட்ரேட் குறைந்திருக்கும். மாலை அறுப்பு இதற்கும் உதவுகிறது. அறுத்த கட்டுகளை உடனே நிழலில் ஈரச் சாக்கின்மேல் பரப்புங்கள், குவித்து வைக்க வேண்டாம்.

சாலையோரப் பட்டையில் கீரை வேண்டவே வேண்டாம். பல ஆண்டுகள் வாகனங்களில் ஓடிய, ஈயம் கலந்த பெட்ரோலின் எச்சம் சாலையோர மண்ணில் இன்னும் இருக்கலாம். மழைத்துளி அடிக்கும்போது அந்த மண் இலையில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். அடர்த்தியான வேலி வைத்து, அதை அடுத்துப் பூச்செடிகள் போடுங்கள். மண்ணை ஒருமுறை ஈயத்துக்கும், காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்கும் சோதித்துவிடுங்கள்.

வாய்க்கால் நீரைத் தொடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சுத்திகரிக்காத கழிவுநீரில் வரும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொழிற்கூட நீர் கலந்திருந்தால் காட்மியத்தை மற்றப் பயிர்களைவிடக் கீரைகளே அதிகம் இழுக்கும். அதைவிட நல்ல நீர் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர். குடியிருப்புச் சங்கத்தாரிடம் பேசி, முதல் மழையின் அழுக்கு நீரைக் கழித்துவிட்டு, மீதியை வடிகட்டித் தொட்டி வழியாக உங்கள் கிணற்றுக்குத் திருப்பக் கேளுங்கள். சொட்டுநீரும், மண்மேல் வைக்கோலோ சருகோ பரப்பும் மூடாக்கும் சேர்ந்தால் இருக்கும் நீர் நீண்ட நாள் வரும்.

மின்விளக்குக் கொட்டகை இப்போது வேண்டாம். வெயிலும் மண்ணும் இருக்கிற இடத்தில் வெயிலுக்கு மின்கட்டணம் கட்டுவது ஏன்? பெரும் முதலீட்டில் தொடங்கிய அத்தகைய நிறுவனங்கள் சில 2023, 2024 ஆண்டுகளில் திவாலாகிவிட்டன.

அதே குடியிருப்பின் சமையலறைக் கழிவையும் கேட்டு வாங்கி, மட்க வைத்து உரமாக்குங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் காய்கறித் தோட்டக்காரர்கள் நகரத்துக் குதிரைச் சாணத்தின் சூட்டில்தான் குளிர்காலத்திலும் கீரை வளர்த்தார்கள். தரம் பிரித்த கழிவாக மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை சேருங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் அளவு ஈரம் போதும். குவியலின் நடுவில் 55 டிகிரிக்குக் குறையாமல் பதினைந்து நாள் சூடு நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்டிப்போட வேண்டும். பிறகு இரண்டு மாதம் ஆறவிடுங்கள். சமைத்த உணவில் உப்பு இருப்பதால் மட்கிலும் உப்பு ஏறும். அதனால் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு தொட்டி மட்கு எடுத்துச் சம அளவு மண் கலந்து, இருபது கீரை விதைகளைத் தூவுங்கள். பக்கத்தில் வெறும் மண்ணில் இருபது. முளைப்பு இரண்டிலும் ஒன்றுபோல் இருந்து, இலை நுனி கருகாமல் பத்து நாள் நின்றால் அந்தக் குவியலைப் பாத்திக்குக் கொண்டு போகலாம்.