உறைய வைத்த சப்பாத்திகள் ஒட்டிக்கொள்வது பற்றி

தண்டையார்பேட்டை நண்பருக்கு வணக்கம். ஞாயிறன்று மொத்தமாகச் சுட்டு ஃப்ரீசரில் வைத்த சப்பாத்திகள் ஒரே கட்டியாகிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஐயப்படுவதுபோல் மாவில் குறையில்லை. சூடு ஆறுமுன் அடுக்குவதால் ஆவி நீராகப் படிந்து, அதுவே பனிக்கட்டியாகி அடுத்தடுத்த சப்பாத்திகளைப் பிணைத்துவிடுகிறது. நம் கடலோர ஈரக்காற்றில் தட்டில் பரப்பினாலும் அடிப்பக்கம் வியர்த்துவிடும். ஆகவே கம்பி வலைமேல், மின்விசிறிக்கு அடியில் முழுவதும் ஆறவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே சப்பாத்தியைவிடச் சற்றே அகலமான பட்டர் பேப்பரை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் கவரில் படுக்கைவாட்டில் வையுங்கள். செய்தித்தாள் மட்டும் வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும். வேண்டியவற்றை முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, காலையில் நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.