பூட்டிக் கிடக்கும் முதுச வீட்டுக்குக் காப்புறுதி: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: அம்மா காலமாகி நான்கு மாதம். வீடு பூட்டியே கிடக்கிறது, விற்கப் போட்டிருக்கிறோம். அம்மா பெயரில் உள்ள தீக் காப்புறுதி அடுத்த தை வரை இருக்கிறது. அதுவரை பயமில்லைத்தானே?

பயம் இருக்கிறது. பொலிசியின் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளை வாசித்துப் பாருங்கள். கட்டடம் ஆளில்லாமல் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் கிடந்தால், கம்பனியின் சம்மதம் பொலிசியில் எழுத்தில் பதியப்பட்டிருந்தாலன்றி காப்புறுதி நின்றுவிடும் என்ற பொருளில் ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். நாள் கணக்கு கம்பனிக்குக் கம்பனி மாறலாம். எப்படிப் பார்த்தாலும் நான்கு மாதம் அதைத் தாண்டிவிட்டது. பிரிமியம் கட்டி முடித்திருப்பது இங்கே உதவாது.

அம்மா இறந்தது வேறு விடயம். மரணத்தால் சொத்து வாரிசுக்குப் போவதைப் பல பொலிசிகள் ஏற்கும். விற்று அடுத்தவர் கைக்குப் போனால்தான் அறுந்துபோகும். ஆனாலும் இரண்டையும் ஒரே கடிதத்தில் இன்றே அறிவியுங்கள். பொலிசி இலக்கம், மரணச் சான்றிதழின் பிரதி, எந்தத் திகதியிலிருந்து வீடு வெறுமையாக இருக்கிறது, சாவி யாரிடம், எத்தனை நாளுக்கொருமுறை யார் போய்ப் பார்க்கிறார், விற்பனைக்கு விட்டிருப்பது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பதிலாகப் பொலிசியோடு சேர்க்கும் திருத்தப் பத்திரம், அதாவது என்டோர்ஸ்மென்ட், கையில் வரவேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் போடும் பெருவிரல் அதற்கு ஈடாகாது.

ரொறொன்ரோவிலிருந்து (வீடு கொட்டாஞ்சேனையில்): டெஸ்டமென்டரி வழக்கு (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றத்தில் போடும் வழக்கு) இன்னும் முடியவில்லை. மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள். யார் பெயரில் எடுப்பது?

வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடு எரிந்தால் நட்டம் உங்களுக்கு வரும் என்ற தொடர்பே காப்புறுதி எடுக்கப் போதும். வாரிசுகளுக்கு அந்தத் தொடர்பு உண்டு. காலஞ்சென்றவரின் ஆதனம் என்று குறித்து, மூன்று வாரிசுகளின் பெயரையும் போடச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்றம் நிர்வாகியை நியமித்ததும் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். அவசரத்தில் ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால், நட்டம் வரும்போது அவருடைய பங்கு அளவுக்குத்தான் தருவோம் என்று கம்பனி நிற்க இடமுண்டு. பங்கு எவ்வளவு என்பது தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவர்களுக்கு ஒருவிதம், மற்றவர்களுக்கு வேறுவிதம். அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அற்றோணித் தத்துவம் எழுதும்போது பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வீட்டை விற்க அதிகாரம் கொடுப்பார்கள். காப்புறுதி எடுக்கவும், நட்டஈடு கோரவும், அந்தப் பணத்தைப் பெறவும் அதிகாரம் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

தெஹிவளையிலிருந்து: “ஆளில்லை என்று சொன்னால் கட்டணம் கூடக் கேட்பார்கள், சொந்தக்காரர் ஒருவர் தங்குகிறார் என்று போடுவோம்” என்கிறார் ஏஜென்ட். போடலாமா ஐயா?

வேண்டாம் தம்பி. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, அவருடையதல்ல. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. முக்கியமான ஒன்றை மறைத்தால் பொலிசியையே செல்லாததாக்கக் கம்பனிக்கு உரிமையுண்டு. மறைக்கவும் முடியாது. நட்டம் வந்ததும் மதிப்பிடுபவர் முதலில் கேட்பவற்றில் மின் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் இருக்கும். ஆறு மாதமாக யூனிட் ஏறாத மீட்டரை வைத்துக்கொண்டு ஆள் தங்கினார் என்று யாரிடம் சொல்வீர்கள்?

பம்பலப்பிட்டியிலிருந்து: ஆளில்லாத வீட்டுக்கு என்னென்ன கிடைக்கும்?

தீயும் மின்னலும் கிடைக்கும். புயல், வெள்ளம், இயற்கை அனர்த்தம், வாகனம் மோதுதல், மரம் விழுதல் ஆகியவற்றை மேலதிகக் கட்டணத்துக்குச் சேர்க்கலாம். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவை அடிப்படைத் தீப் பொலிசிக்குள் வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் காப்புக்கான நிதியை அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. 1983ஐக் கண்ட நகரத்தில் அதை ஏன் விடக்கூடாது என்று நான் விளக்கத் தேவையில்லை.

சிக்கல் வருவது களவிலும் தண்ணீர்க் கசிவிலும். ஆளில்லாத வீட்டுக்கு இந்த இரண்டையும் கம்பனிகள் இலகுவில் தருவதில்லை. தந்தாலும் பூட்டு, காவல், வாராந்தப் பார்வை என்று நிபந்தனை வரும். களவு என்றால் உடைத்து உள்ளே வந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பார்கள். வெறும் வீட்டில் கள்ளன் தேடுவது தொலைக்காட்சியை அல்ல, செப்பு வயரையும் பித்தளைக் குழாயையும் தண்ணீர் மோட்டரையும் அலுமினியச் சட்டங்களையும்தான். இவை கட்டடத்தின் பகுதியாகக் கணக்கில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். கறையான், பழுதுபடல், ஈரம் ஊறுதல் எந்தப் பொலிசியிலும் வராது.

மூன்றாம் ஆளுக்கான பொறுப்பையும் சேருங்கள். பழைய மதில் சரிந்து ஒழுங்கையில் நின்ற காரில் விழுந்தாலும், தென்னை மட்டை அடுத்த வீட்டுக்காரர் தலையில் விழுந்தாலும் கேட்டு வருவது உங்களிடம்தான்.

கிருலப்பனையிலிருந்து: 10 பேர்ச்சஸ் காணியோடு கேட்கும் விலை 9 கோடி. அந்தத் தொகைக்கே எடுக்கவா?

இல்லை. காணி எரியாது. கட்டடத்தை இடித்து அகற்றித் திரும்பக் கட்ட ஆகும் செலவே காப்புறுதித் தொகை. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: வீடு 2,000 சதுர அடி, உங்கள் ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 12,000 ரூபா சொல்கிறார் என்றால் 2 கோடி 40 லட்சம். மதில், கேற், இடிபாடு அகற்றல், வரைபடச் செலவு ஆகியவற்றை அதன் மேல் கூட்டுங்கள்.

குறைத்துப் போட்டால் ‘அவரேஜ்’ வந்து அடிக்கும். மேலே உள்ள வீட்டை 1 கோடி 20 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருக்கிறீர்கள், குசினிப் பக்கம் எரிந்து 40 லட்சம் நட்டம் என்று வையுங்கள். காப்புறுதி பாதி என்பதால் நட்டஈடும் பாதி, 20 லட்சம். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய எக்செஸ் கழியும். 40 லட்சம் 1 கோடி 20 லட்சத்துக்குள் அடங்குகிறதே என்று வாதாடிப் பயனில்லை. அப்பா 10 வருடத்துக்கு முன் போட்ட தொகையை அப்படியே புதுப்பிக்கும் வீடுகளில் நடப்பது இதுதான்.

வாங்குபவர் இடித்துவிட்டு மாடி கட்டத்தான் வாங்குவார் என்பது உறுதியானால், முழுத் தொகைக்கு எடுப்பதா என்று யோசிப்பதில் நியாயமுண்டு. அப்போதும் மூன்றாம் ஆள் பொறுப்பை விடாதீர்கள்.

மட்டக்குளியிலிருந்து: பின்னறையில் காவலாளி ஒருவரை வைத்தால் ‘ஆளுள்ள வீடு’ ஆகுமா?

இரவில் அங்கேயே தங்கினால் பல கம்பனிகள் ஏற்கும். பகலில் வந்து முற்றம் கூட்டுபவரை ஏற்காது. எதுவானாலும் பொலிசியில் எழுதுவியுங்கள். அதைவிட முக்கியம், அவர் சம்பளத்துக்கு நிற்கும் காவலாளி என்று எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். வாடகை என்ற பெயரில் ஒரு ரூபாவும் வாங்க வேண்டாம். வாடகைச் சட்டத்துக்குள் போய் மாட்டினால் விற்பனை வருடக்கணக்கில் இழுபடும். காணியை ஒருவர் உரிமையோடு 10 வருடம் ஆண்டால் காலாவதிச் சட்டம் அவர் பக்கம் பேசும். அதற்குக் காப்புறுதி இல்லை.

நுகேகொடையிலிருந்து: பூட்டிவிட்டுப் போகுமுன் என்ன செய்ய வேண்டும்?

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மீட்டரடி வால்வை மூடினால் போதும் என்று நினைப்பது பிழை. மேலே 1,000 லீற்றர் தாங்கி நிறைந்திருந்தால், ஒரு குழாய் வெடித்தாலே அவ்வளவும் சீலிங்குக்குள் இறங்கும். வால்வை மூடிய பின் கீழ்க் குழாய்களைத் திறந்து தாங்கியை வடியவிடுங்கள். மலசலகூடப் பொறிகளில், அதாவது நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் குழாய் வளைவுகளில், தண்ணீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் வரும். ஒவ்வொரு வருகையிலும் ஒரு வாளி ஊற்ற வேண்டும். கேஸ் சிலிண்டரை வெளியேற்றி, மெயின் சுவிட்சை அணையுங்கள். கமராவுக்கு மின் வேண்டுமானால் அந்த ஒரு சேர்க்கிட்டை மட்டும் விடுங்கள். இணைப்பையே துண்டிக்காதீர்கள், வாங்க வருபவர் கேட்பார்.

பீலியில் இலை அடைத்தால் மழைநீர் கூரைக்குள் திரும்பும். வைகாசி மழைக்கு முன்னும் ஐப்பசி இடிமழைக்கு முன்னும் துப்புரவாக்குங்கள். தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடலாம், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இருக்கிறது. அந்தத் தண்டப்பணத்தைக் காப்புறுதி கட்டாது.

வாரம் ஒருமுறை ஒருவர் போய், ஒவ்வொரு அறையையும் மீட்டரையும் திகதி தெரியப் படமெடுத்து அனுப்பட்டும். நட்டம் வரும் நாளில் இந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி.

வெல்லம்பிட்டியிலிருந்து: வெள்ளம்?

2016 வைகாசியில் களனி கங்கை பெருகியபோது தண்ணீர் எதுவரை வந்ததோ அதைப் படிவத்தில் சொல்லுங்கள். வெள்ளக் காப்பு தருவதற்கு முன் கேட்பார்கள். எக்செஸ் எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

வெள்ளவத்தை, மாடி வீடு: எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

கட்டடத்துக்கு நிர்வாகக் கூட்டுத்தாபனம் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அந்தப் பொலிசியின் பிரதியைக் கேட்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டின் உள்வேலையும், கீழ் வீட்டுக்குக் கசிந்தால் வரும் பொறுப்பும் உங்களுடையவை.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: முற்பணம் வாங்கிவிட்டோம். பொலிசியை நிறுத்தவா?

உறுதி நொத்தாரிசு முன் கையெழுத்தாகிப் பணம் கைக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள். முற்பணத்தோடு நின்றுபோன விற்பனைகள் கொழும்பில் ஏராளம். உங்கள் பொலிசி வாங்குபவருக்குப் போகாது, அவர் அன்றே தன் பெயரில் எடுக்க வேண்டும். நீங்கள் இடையில் நிறுத்தினால் பெரும்பாலும் குறுங்கால அட்டவணைப்படிதான், அதாவது கழிந்த நாட்களின் விகிதத்தைவிடக் கூடுதலாகக் கழித்துக்கொண்டுதான், திருப்பித் தருவார்கள். ஆறு மாதத்தில் நிறுத்தினால் பாதி வரும் என்று எண்ண வேண்டாம். விரைவில் விற்கும் என்றால் தொடக்கத்திலேயே ஆறு மாதப் பொலிசி கிடைக்குமா என்று கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மோட்டரும் வயரும் களவு போய்விட்டன. ஆளில்லை என்று அறிவித்துத்தான் எடுத்தோம். ஆனாலும் கம்பனி கோரிக்கையை மறுத்துவிட்டது.

அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்தீர்களா, உடைத்த இடத்தைத் திருத்துமுன் படமெடுத்தீர்களா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால், எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலைப் பொலிசியின் சொற்களோடு ஒப்பிட்டு, முதலில் அதே கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். என்டோர்ஸ்மென்டின் பிரதியை முதல் பக்கமாக வையுங்கள்.