அம்மாவுக்கு வந்த திடீர் மறதி: டிமென்ஷியா பயம் வேண்டாம்

குளிர்ந்த நீரில் தலைக்குக் குளித்து வந்த அம்மா (62), "இன்னைக்கு என்ன கிழமை?" என்று ஐந்து மணி நேரம் விடாமல் கேட்டார், தன் பெயரையோ உங்களையோ மறக்கவில்லை, மாலைக்குள் தெளிந்துவிட்டார், இது டிமென்ஷியாவின் (நினைவாற்றல் படிப்படியாகக் குறையும் நோய்) தொடக்கமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் சொன்ன 'டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா', அதாவது சில மணி நேரம் மட்டும் நீடிக்கும் தற்காலிக மறதி, டிமென்ஷியாவின் தொடக்கம் அல்ல.

நடப்பதைப் புது நினைவாகப் பதிவது மூளையின் ஹிப்போகேம்பஸ். அது சில மணி நேரம் செயலிழந்தது. அதனால் நீங்கள் சொன்ன பதில் ஓரிரு நிமிடத்தில் நழுவியது, அதே கேள்வி திரும்ப வந்தது. பேச்சு, நடை, முகம் அறிதல் பெரும்பாலும் வேறு பகுதிகளின் வேலை, அவை தப்பின. குளிர்ந்த நீர், கடும் உழைப்பு, மன அதிர்ச்சி இதைத் தூண்டலாம்.

அந்த மணி நேரங்கள் அவருக்குள் பதிவாகவே இல்லை. "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா" என்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள், பாவம், பதறத்தான் செய்வார்.

அன்றே எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நார்மல் என்று வந்ததற்கும் மருத்துவர் சொன்னதற்கும் முரண் இல்லை. இந்த மறதி வந்தவர்களின் ஹிப்போகேம்பஸில் தெரியும் சிறு புள்ளி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் தெளிவாகத் தெரியும்.

பெரும்பாலோருக்கு இது மறுபடி வருவதில்லை. வந்தால் 'போன தடவை மாதிரிதான்' என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், கடும் தலைவலி இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். தூங்கி எழுந்ததும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, திரும்பத் திரும்ப வந்தால் வலிப்பு சார்ந்த மறதியா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுங்கள், அதற்கு மாத்திரை நன்றாகவே கேட்கும். போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.